பன்னிரண்டு மைல் விதிமீறல்

ஜோலின் ட்ராட்மன் செய்த குற்றம் இதுதான்: நடுவழியில் வண்டி நின்றுபோய்த் தவித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, அவள் வேலை செய்யும் இடம்வரை தன் காரில் கொண்டுபோய் விட்டாள்.

அக்டோபர் மாதத்து மதியம். சவுத் டகோட்டாவில் அந்த மாதம் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, எல்லாப் பக்கத்திலிருந்தும் அடிக்கும். சோளம் அறுத்து முடித்த வயல்களுக்கு நடுவே ஒரு பிக்கப் வண்டி எஞ்சின் மூடியைத் திறந்துகொண்டு நின்றது. பக்கத்தில் தலையை முக்காட்டுச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு ஒரு பெண். ஜோலின் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிய பிறகுதான் முக்காட்டுக்குள் இருப்பது லோர்னா ப்ராண்ட்வோல்ட் என்று தெரிந்தது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. ஷிப்டுக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது, இன்னொரு தடவை தாமதமாக வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தான். பன்னிரண்டு மைல். ஜோலின் கதவைத் திறந்துவிட்டாள்.

வேறு யார் செய்திருந்தாலும் நல்ல மனுஷி என்று சொல்லிவிட்டு மறந்திருப்பார்கள். ஆனால் ஜோலின் ப்ரேரி ஃபோர்க் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குக் கோச். லோர்னாவின் மகள் கேசி அந்த மாவட்டத்திலேயே உயரமான ஆட்டக்காரி, அடுத்த வருஷம் ப்ரேரி ஃபோர்க்கில் வந்து சேருவதாகப் போன வசந்தத்தில் வாய்வார்த்தை கொடுத்திருந்தவள். கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிப்புத்தகம் தலைக்கு வைத்துப் படுக்கிற கனம். அதன்படி, கல்லூரி சேர்க்க நினைக்கும் பெண்ணின் வீட்டில் கோச் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிடலாம். திருப்பி அந்த வீட்டாருக்கு ஒரு வாய் காபி வாங்கித் தரக் கூடாது. கார் சவாரி காபியைவிடப் பெரிய விஷயம்.

திங்கட்கிழமை காலையில் ஜோலின் தானாகப் போய் வெர்னனிடம் சொன்னாள். கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு வெர்னன்தான் தலைவர். ஓய்வு பெற ஒன்றிரண்டு வருஷமே பாக்கி வைத்திருந்த அந்த மனிதருக்குத் திங்கட்கிழமை காலையில் எதையும் கேட்கப் பிடிக்காது.

"யாராவது பாத்தாங்களா?" என்றார்.

"நான் பாத்தேன்."

"தாயே, உன்ன விட்டுட்டுச் சொல்லு."

"வேற யாரும் இல்ல வெர்ன். ரெண்டு பக்கமும் சோளக் கட்டைதான்."

"அப்ப சோளக் கட்டை போய் சங்கத்துல சொல்லாது. நீ எதுக்கு இங்க வந்து என் தலைய உருட்டற? அவ பொண்ணு இன்னும் ஒரு மாசத்துல நம்ம காலேஜ்ல சேரக் கையெழுத்துப் போடப்போறா. இப்பப் போய் இத எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"எச்சரிக்கை பண்ணி விட்டுடுவாங்க."

"பாக்கலாம்" என்றார் வெர்னன். அந்தக் குரலில் ஒரு இரக்கம் இருந்தது, ஜோலினுக்கு அது பிடிக்கவில்லை.

அவள் அப்படித்தான். பயிற்சியில் ஒரு பெண் எல்லைக் கோட்டைத் தொடாமல் திரும்பினால் மொத்த அணியையும் மறுபடி ஓடவிடுகிறவள். பந்து கடைசியில் யார் கைபட்டு வெளியே போனது என்று நடுவர் கேட்காமலே சொல்லப் பழக்கி வைத்திருந்தாள், அதனால் இரண்டு ஆட்டம் தோற்றும் இருக்கிறார்கள். ப்ரேரி ஃபோர்க்கில் பெரிய அரங்கம் கிடையாது, தனி விமானம் கிடையாது, குளியலறையில் ஒரு குழாய் எப்போதும் வெந்நீரைத் தராது. கோச் பொய் சொல்ல மாட்டாள் என்பது ஒன்றுதான் பெற்றோர்களிடம் சொல்லிக்கொள்ள இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஜோலின் எழுதிக் கொடுத்தாள். சங்கம் எச்சரிக்கையோடு விடவில்லை. ஒரு மாதத்துக்குக் கேசியோடும் அவள் வீட்டாரோடும் பேசக் கூடாது, போன் கூடாது, வாசல்படி மிதிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. தடை முடிவது கையெழுத்து நாளுக்கு முந்தின நாள்.

அந்த மாதத்தில்தான் பக்கத்து மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகம் ப்ராண்ட்வோல்ட் வீட்டுக் கதவைத் தட்டியது.

முன்பெல்லாம் இது இவ்வளவு மோசமில்லை. பெரிய கல்லூரியானாலும் சின்னக் கல்லூரியானாலும் ஆட்டக்காரிக்குக் கொடுக்கும் உதவித்தொகை ஒன்றுதான்: படிப்புச் செலவு, விடுதி, சாப்பாடு, புத்தகம். அதற்கு மேல் யாரும் ஒரு டாலர் தர முடியாது. அதனால் ஜோலின் மாதிரி ஒருத்தி ஒரு வீட்டுக்குப் போய், எங்கள் ஊர் உங்களுக்குப் பக்கம், உங்கள் மகள் முதல் வருஷமே ஆடுவாள், வாரக் கடைசியில் துணி துவைக்க வீட்டுக்கே வரலாம் என்று சொல்லி ஜெயிக்க முடிந்தது. போன வருஷம் விதி மாறியது. வசதியுள்ளவர்கள் கைச்செலவுக்கென்று மேலே ஒரு படி கொடுக்கலாம் என்றார்கள். பெரியவர்கள் உடனே வருஷத்துக்கு நாலாயிரம் டாலர் என்று ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்கள் நாள் முழுக்க ஆடிவிட்டு, ராத்திரி பசித்தால் ஒரு பீட்சா வாங்கக் காசில்லாமல் படுத்தது ஜோலினுக்கும் தெரியும். கொடுக்கட்டும், நியாயம்தான் என்றே அவளும் சொன்னாள். ஆனால் ப்ரேரி ஃபோர்க் கொடுப்பது ஒரு பயிற்சிச் சட்டை, அதையும் பருவம் முடிந்ததும் எண்ணித் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

இந்த வசந்தத்தில் அவளுடைய நல்ல ஆட்டக்காரிகளில் இருவர் படி கொடுக்கும் கல்லூரிகளுக்கு மாறிப் போனார்கள். அழுதுகொண்டே வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்கள், அவர்களைத் திட்டவும் முடியவில்லை. மீதி இருந்தவர்களை வைத்துக்கொண்டு இரண்டாவது வருஷமாகத் தோல்விதான் அதிகம். ஜோலினின் ஒப்பந்தம் வரும் கோடையில் முடிகிறது. கேசி வந்தால் புதுப்பிக்கப் பேசலாம், வராவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று வெர்னன் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

தடைக்காலத்தில் ஒருநாள் அவரே அவள் அறைக்கு வந்தார்.

"மூணு பேருக்குப் படி குடுக்க வழி பண்ணிட்டேன். கேசி ஒண்ணு, இன்னும் ரெண்டு பேர நீயே சொல்லு."

"மத்த பன்னெண்டு பேரு?"

"அவங்களுக்கு என்ன?"

"ஒரே ரூம்ல துணி மாத்தறாங்க வெர்ன். ஒரே பஸ்ல தூங்கறாங்க. மூணு பேரு கையில காசு, மத்தவங்க வாயப் பாத்துட்டு நிக்கணுமா? ஜனவரி வரைக்கும்கூட அணி தாங்காது."

"சரி, பதினஞ்சு பேருக்கும் குடுக்கலாம். டென்னிஸ மூடிடலாம். எட்டுப் பொண்ணுங்க. கூப்பிட்டு நீயே சொல்றியா?"

டென்னிஸ் ஆடும் பெண்களை ஜோலினுக்குத் தெரியும், அவர்களில் ஒருத்தி அவள் வீட்டு நாயை வார இறுதிகளில் பார்த்துக்கொள்கிறவள்.

"நீ பெரிய தர்மதேவதைதான், ஒத்துக்கறேன்" என்றார் வெர்னன். "ஆனா தோத்துட்டு இருக்கற தர்மதேவதைக்கு இங்க யாரும் சம்பளம் தர மாட்டாங்க."

தடை முடிந்த அன்று காலையில் முதல் வேலையாக ஜோலின் ப்ராண்ட்வோல்ட் பண்ணைக்குக் கிளம்பினாள். மறுநாள் கேசி தன் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில், எல்லாரும் பார்க்க, ஏதோ ஒரு கல்லூரியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். எந்தத் தொப்பி என்பதில் ஜோலினின் வேலை இருந்தது.

கேசி டிராக்டர் கொட்டகைச் சுவரில் அடித்திருந்த வளையத்தில் பந்து போட்டுக்கொண்டிருந்தாள். ஆறடி இரண்டு அங்குலம், குளிரில் சிவந்த மூக்கு. போன வருஷம் யாரோ முழங்கையால் இடித்ததில் முன்பல் பாதி உடைந்துவிட்டது. பல் டாக்டர் ஒட்டிவிட்ட மலிவான மூடி அடிக்கடி கழன்று விழும். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். பதினேழு வயசுப் பெண் சிரிக்கத் தயங்குவதைப் பார்க்க ஜோலினுக்கு எப்போதும் மனசு சங்கடப்படும்.

"என்ன கோச், ஜெயில்லேர்ந்து விட்டுட்டாங்களா?"

"நல்ல நடத்தைன்னு ஒரு மணி நேரம் முன்னாடியே விட்டுட்டாங்க. எங்க, இடது கையால போடு பாப்போம்."

கேசி போட்டாள். வளையத்தில் பட்டு உருண்டு விழுந்தது. ஜோலின் ஓடிப்போய் எடுத்துத் திருப்பிப் போட்டாள். இன்னும் நாலைந்து தடவை இரண்டு பேரும் அதையே செய்தார்கள்.

"அவங்க வந்தாங்களாமே" என்றாள் ஜோலின்.

"மூணு தடவ."

"என்ன தர்றாங்க?"

"நாலாயிரத்து நூத்தி அறுபது" என்றாள் கேசி. யோசிக்காமல் வந்தது. படுக்கையில் படுத்துக்கொண்டு பலமுறை சொல்லிப் பார்த்தவள் சொல்வதுபோல வந்தது. அவளுக்கே அது உறைத்திருக்க வேண்டும், பந்தைத் தட்ட ஆரம்பித்தாள். "ஆனா நான் உங்க கிட்டதான் வரேன். அம்மா சொல்லிட்டாங்க."

"அம்மா சொல்லாம இருந்திருந்தா?"

"அம்மா சொன்னா சொன்னதுதான் கோச்."

"நான் கேட்டது அது இல்ல."

கேசி பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். காற்றில் கொட்டகைத் தகரம் அடித்துக்கொண்டது.

"வேணாம், கேக்காதீங்க. நீங்க நல்லவங்க. உங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது?"

"இப்பச் சொல்லிட்ட."

"அங்க போனா பல்லையும் சரி பண்ணிக்கலாம்னு பாத்தேன்" என்றாள் கேசி. "அப்பா லாரி ஓட்டப் போயி மாசக் கணக்கா வீட்டுக்கே வரதில்ல. ஓட்டினாத்தான் காசு. நான் யார் கிட்டயும் எதுக்கும் கேக்காம இருக்கலாம்ல. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

ஜோலினுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு வருஷம் இந்தப் பெண்ணுக்காக அவள் ஓட்டிய தூரம், ஆட்டக்கூடங்களில் உட்கார்ந்த மரப்பலகைகள், பெட்ரோல் பங்குகளில் குடித்த கரிக்காபி எல்லாம் நெஞ்சில் வந்து நின்றன. அப்புறம் அந்தப் பெண் கையை வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்த்தாள், கோபம் கரைந்துபோனது. ஒன்றும் சொல்லாமல் போனால் நாளைக்குக் கேசி ப்ரேரி ஃபோர்க் தொப்பியைப் போட்டுக்கொள்வாள். ஜோலின் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அவள் கேசியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

லோர்னா சமையலறை மேஜையில் காபி ஊற்றி வைத்திருந்தாள், கூடவே பூசணிக்காய் கேக் துண்டுகள். வேலை இல்லாத நேரத்திலும் தலைமுடியை வலைக்குள் சுருட்டியே வைத்திருக்கிறவள். ஜோலினைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் அப்படி யாரும் சாமானியமாகச் செய்ய மாட்டார்கள்.

"உங்க வெர்னன் அப்பவே போன் பண்ணினாரு. அன்னிக்கு நடந்தது நிஜமான்னு கேட்டாரு. நீங்களே போய் ஒத்துக்கிட்டீங்களாமே."

"விதி அது, லோர்னா."

"விதியாம். எனக்கு வேல போகாம காப்பாத்தினீங்க, அதுக்கு உங்களுக்குத் தண்டனை. ஒரு மாசம் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. அந்தக் கேப்புல அவங்க பளபளன்னு புத்தகத்த எடுத்துட்டு வந்து உக்காந்துட்டாங்க. நான் சொல்லிட்டேன். எங்க வீட்டுல வாய் விட்டுச் சொன்னது சொன்னதுதான். அதுவும் உங்கள மாதிரி ஒருத்தங்க கிட்ட."

"கேசி சின்னப் பொண்ணு. போன வசந்தத்துல சொன்னதுக்காகக் கட்டிப்போட வேண்டாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவ அங்க போறதுன்னா போகட்டும்."

"அதான் பாரு" என்று லோர்னா மகள் பக்கம் திரும்பினாள். "இப்படி ஒருத்தங்க சொல்வாங்களா? அந்தப் பெரிய காலேஜ்காரங்க சொன்னாங்களா இப்படி?"

கேசி கேக்கின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள், சாப்பிடவில்லை.

ஜோலின் மறுபடி ஒருமுறை முயன்று பார்த்தாள். பணம் சின்ன விஷயம் இல்லை, அந்தக் கல்லூரியின் கோச்சும் மோசமானவள் இல்லை, அங்கே நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னாள். ஒவ்வொன்றைச் சொல்லச் சொல்ல லோர்னாவின் முகத்தில் மரியாதை கூடிக்கொண்டே போனது. உண்மையைச் சொல்லி இந்த வீட்டில் ஒன்றும் நடக்காது என்று ஜோலினுக்குப் புரிந்துவிட்டது.

"லோர்னா, அன்னிக்கு நான் நிறுத்தினது நீங்க நினைக்கற மாதிரி இல்ல."

"என்ன மாதிரி இல்ல?"

"உங்க பிக்கப்ப நான் தூரத்துலயே அடையாளம் கண்டுட்டேன். கேசியோட அம்மான்னு தெரிஞ்சுதான் நிறுத்தினேன். வேற யாராவது நின்னிருந்தா கண்ணாடியக் கூட இறக்கிருக்க மாட்டேன், எனக்கு அன்னிக்கு ஆயிரம் வேல."

லோர்னா சிரிக்கப் பார்த்தாள். "சும்மா சொல்றீங்க. அப்படின்னா நீங்களே போய் ஏன் ஒத்துக்கணும்? யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

இந்தக் கேள்வி வரும் என்று ஜோலின் எதிர்பார்க்கவில்லை. மேஜை விரிப்பில் இருந்த கட்டங்களைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் பெண்களிடம் பேசும் அந்த நிதானமான குரலில் சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியணும்னுதான். நான் எழுதிக் குடுத்தா ஆபீஸ்லேர்ந்து உங்களுக்குப் போன் வரும். வந்தா இவ எவ்வளவு நேர்மையானவன்னு நினைப்பீங்க. எங்க கிட்ட குடுக்கப் பணம் இல்ல லோர்னா. பணம் இல்லாதவங்க இப்படித்தான் ஆள் பிடிக்கணும். ஒரு மாசத் தடை வரும்னு மட்டும் நான் நினைக்கல."

லோர்னா ஜோலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் எங்கேயாவது பொய் இருக்கிறதா என்று தேடுகிறவள் மாதிரி. அவள் தேடியது கிடைக்கவில்லை. ஜோலினுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பதுதான் அந்தப் பொய்க்குப் பலமாக இருந்தது. லோர்னா எழுந்தாள். ஜோலின் பாதிதான் குடித்திருந்த காபியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டிக் கோப்பையைக் கழுவினாள்.

"நான் வேலை செய்யற இடத்துல எல்லார் கிட்டயும் சொன்னேன்" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே. "இந்தக் காலத்துலயும் இப்படி ஒருத்தங்க இருக்காங்கன்னு."

கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு லோர்னா திரும்பினாள்.

"கேசி, உனக்கு எங்க போகணுமோ அங்க போய்க்கோ. நாம யாருக்கும் ஒரு கடனும் படல." பிறகு, மரியாதை குறையாமல், "ரோட்ல பனி விழப்போவுது. நீங்க கிளம்பறது நல்லது."

கேசி கார்வரை கூட வந்தாள். வரவேண்டும் என்று வளர்த்திருந்தார்கள். இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளியே நடந்தாள்.

"உண்மையச் சொன்னதுக்கு தேங்க்ஸ், கோச்" என்றாள். "காலைலேர்ந்து உங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுட்டு இருந்தேன். இப்ப ஈசியாப் போச்சு."

"இடது கை" என்றாள் ஜோலின். "தினமும் நூறு போடு. அங்க யாரும் உனக்காகக் காத்துட்டு இருக்க மாட்டாங்க."

கேசி தலையாட்டினாள். முன்பெல்லாம் கட்டிப்பிடித்து வழியனுப்புகிறவள், இந்தத் தடவை கையை வெளியே எடுக்கவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறியதும் வெர்னன் போன் செய்தார்.

"என்னாச்சு?"

"நாளைக்கு அங்க போடறா கையெழுத்து."

"பணமா?"

"பணம்தான்."

"அந்தச் சவாரிய நீ சொல்லாம விட்டிருந்தா அந்த ஒரு மாசம் நம்ம கையில இருந்திருக்கும். இப்பவாவது ஒத்துக்கோ, ஜோ."

"ஆமா வெர்ன்" என்றாள். அவரிடம்கூட நடந்ததைச் சொல்ல முடியாது. வெர்னன் இளகிய மனசுக்காரர், கையெழுத்துப் போடுவதற்குள் லோர்னாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் உடைத்துவிடுவார்.

போனை வைத்துவிட்டு ஓட்டினாள். அழுகை வந்தது, அடக்கவில்லை. வேலை போய்விடும் என்பதற்காக அல்ல, அதற்கு அழக் கோடைவரை நேரம் இருந்தது. இன்றைக்குச் சாயங்காலம் லோர்னா முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, அந்தக் கோச் அப்படிப்பட்டவள் இல்லையாம் என்று எல்லாரிடமும் சொல்வாள். அவர்களும் எனக்கு அப்பவே தெரியும் என்பார்கள். ஜோலின் ட்ராட்மன் நேர்மையானவள் என்ற பேச்சு அந்த மாவட்டத்தில் அத்தோடு முடிந்துவிடும். கேசிக்குப் படியாகக் கொடுக்க அந்த நல்ல பேரைத் தவிர ப்ரேரி ஃபோர்க்கிடம் வேறு எதுவும் இல்லை.